நான்கு புள்ளி கொசுறு

அத்தியாயம் பதினான்கு

ஒரு மனிதனின் சொல்லுக்கு விலை நான்கு புள்ளி.

ஐந்தாக இருந்தால் பேரம் பேசிப் பார்க்கலாம். மூன்றாக இருந்தால் போகட்டும் என்று விட்டுவிடலாம். நான்கு என்று சட்டப் புத்தகமே கறார் விலை போட்டுவிட்டது. ஸ்நூக்கர் மேஜையில் குறி பார்க்கும்போது க்யூ கோலின் நுனி வெள்ளைப் பந்தில் மயிரிழை பட்டாலும் ஃபவுல். எதிராளிக்கு நான்கு புள்ளி போகும், ஆட்டமும் அவன் கைக்குப் போகும். நடுவர் பார்க்கவில்லை என்றால்? ஆடுகிறவனே நிமிர்ந்து நின்று "பட்டுடுச்சு" என்று சொல்ல வேண்டும். அதுதான் அந்தச் சபையின் மரியாதை. சொல்லாதவனை ஜெயிலில் போட மாட்டார்கள். அடுத்த வருஷம் கூப்பிட மாட்டார்கள், அவ்வளவுதான்.

கூப்பிட்டால் மட்டுமே போகக்கூடிய போட்டி இது. வருஷத்துக்குப் பதினாறு அழைப்பு அட்டை. விண்ணப்பம் செல்லாது, கெஞ்சல் செல்லாது. பெயர் கெட்டவனுக்குப் பதினேழாவது அட்டையும் கிடையாது.

முதல் நாளிலிருந்து கூட வருகிறவர்களுக்கு இதெல்லாம் மனப்பாடம். இன்றைக்குத்தான் கடைக்குள் நுழைகிறவர்களுக்காக ஒரு முழம் அளந்து போட்டுவிடலாம்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் இதே ஹாலில் திரைச்சீலைக் கடைக்காரியின் கணவரும், அவளுடைய சொந்தத் தம்பியும் மோதினார்கள். தம்பிக்கு ஹாலில் 'மினுக்கு' என்று பெயர். ஷூ மினுக்கு, தலை மினுக்கு, மணிக்கட்டில் அப்பா விட்டுப்போன வெள்ளிப் பொத்தான் மினுக்கு. கடைசி ஃப்ரேமில், அதாவது கடைசிச் சுற்றில், கணவர் குறி பார்த்துக்கொண்டிருந்தபோது அவன் நாற்காலியிலிருந்து எழுந்து, சிரித்த முகத்தோடு கேட்டான்: "மச்சான், பந்து அசைஞ்ச மாதிரி இருந்துதே?"

"படலை," என்றார் கணவர்.

நடுவர் பார்த்திருக்கவில்லை. ஆடுகிறவர் சொல்தான் முடிவு. ஆட்டம் தொடர்ந்தது, கணவர் ஜெயித்தார். ஜெயித்ததுதான் வினை. தோற்றவன் முணுமுணுத்தால் புலம்பல் என்பார்கள். தோற்றவன் சிரித்துக்கொண்டே "போகட்டும், என் அக்கா புருஷன்தானே" என்று சொன்னால் அது சாட்சி ஆகிவிடுகிறது. 'தொட்டுட்டுச் சொல்லாதவன்' என்ற பட்டத்தோடு வீட்டுக்கு வந்தவருக்கு அதற்குப் பிறகு அட்டை வரவில்லை. க்யூ பெட்டி கட்டிலுக்கு அடியில் போனது. மினுக்கு கமிட்டியின் செல்லப்பிள்ளை ஆனான்.

இந்த வருஷம் அட்டை வந்தது, மகளுக்கு. இருபத்திரண்டு வயது. உடம்பைப் பார்த்து ஹாலில் வைத்த பெயர் 'குச்சி'. இன்று காலிறுதி. எதிரில் தாய்மாமன்.

காலையில் கடையில் யாருக்கும் டீ இறங்கவில்லை.

கணவர் வெட்டும் மேஜையில் குனிந்து நின்றார். இடது கை துணியில் பரவி ஊன்றியிருக்க, முகவாய் கத்தரிக்கு நேராகத் தாழ்ந்திருந்தது. ஆட்டத்தை விட்டாலும் அந்த நிற்பை அவர் விடவில்லை. இத்தனை வருஷத்தில் ஒரு துணியும் நூல் பிசகியதில்லை.

கடைக்காரி மகளின் வெயிஸ்ட்கோட்டில் கடைசிப் பொத்தானைத் தைத்துக்கொண்டே தன் திட்டத்தை எடுத்து விரித்தாள்.

"இத பாருடி. மூணுக்கு மூணுன்னு கடைசி ஃப்ரேமுக்குப் போச்சுன்னு வை. உன் மாமா குனிஞ்சு குறி பாக்கும்போது நீ எழுந்திரு. சிரிச்ச முகமா, 'மாமா, பந்து அசைஞ்ச மாதிரி இருந்துதே'ன்னு கேளு. அவ்வளவுதான்."

"அசையலைன்னா?"

"அன்னிக்கு மட்டும் அசைஞ்சுதா? அவன் போட்ட அதே படிக்கல்லு, அதே தராசு. நாம ஒரு குண்டுமணி கூடப் போடப் போறதில்ல."

"அம்மா, அது உன் கடை இல்ல. ஸ்நூக்கர் ஹால்."

"எல்லாம் கடைதான். சில கடையில விலைச்சீட்டு ஒட்டியிருக்காது."

குச்சி வெயிஸ்ட்கோட்டைப் போட்டுக்கொண்டாள். அப்பாவைப் பார்த்தாள். "நீங்க வரலையாப்பா?"

"க்யூவுக்குத் தடவற சாக் கட்டி எடுத்துக்கிட்டியா?" என்றார் அவர், துணியிலிருந்து கண் எடுக்காமல்.

"எடுத்துக்கிட்டேன்."

"மேல் பாக்கெட்ல வை. வலது பக்கம் வச்சா இடிக்கும்."

அதோடு அவர் பேச்சு முடிந்தது. வாயைத் திறந்தால் எதெது வந்து விழுமோ என்று பயப்படுகிறவர் போலக் கத்தரியை எடுத்துக்கொண்டார். கடைக்காரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மானம் போனது இவருக்கு, பல்லைக் கடிப்பது நான். இதென்ன பங்கு வியாபாரம்!

ஹாலில் ஈ பறந்தால் அதற்கும் 'உஷ்' சொல்வார்கள் போலிருந்தது. பச்சை மேஜைமேல் மட்டும் விளக்கு. கடைக்காரி முதல் வரிசையில், மகளின் நாற்காலிக்கு நேர் பின்னால் இடம் பிடித்திருந்தாள். எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்த தம்பி அவளைப் பார்த்துத் தலையசைத்தான். நல்லது கெட்டதில் பார்த்தால் அசைப்பானே, அதே அசைப்பு. அவள் அவன் தலைக்கு மேலிருந்த கடிகாரத்தைப் பார்த்தாள்.

முதல் ஃப்ரேம் அவனுக்கு. அடுத்த இரண்டும் குச்சிக்கு. பிறகு அவன், பிறகு இவள், மறுபடி அவன். மூன்றுக்கு மூன்று. கடைசி ஃப்ரேம்.

பின்வரிசையில் இரண்டு பெரியவர்கள். ஹால் கட்டின நாளிலிருந்து வருகிறவர்கள், சுவரில் அடித்த ஆணி மாதிரி.

"இது யாரு பொண்ணு தெரியுமில்ல?"

"தெரியாம என்ன. தொட்டுட்டுச் சொல்லாதவன் பொண்ணு."

கடைக்காரி திரும்பவில்லை. மடியிலிருந்த கைப்பையின் வாரை விரலில் சுற்றினாள், ரத்தம் நிற்கும் வரைக்கும்.

கடைசி ஃப்ரேமில் மினுக்கு முன்னால் போனான். மகள் பதினேழு, அவன் நாற்பத்திரண்டு. அடுத்த சிவப்புப் பந்து எக்கச்சக்கமான இடத்தில், பழுப்புப் பந்துக்கு அந்தப் பக்கம் கிடந்தது. பழுப்பைத் தாண்டிக் கையை நீட்டி, விரல்களை மேஜையில் ஊன்றி, உயரத்திலிருந்து அடிக்க வேண்டும். நீட்டினான். குச்சியின் நாற்காலி இருந்த பக்கம்தான்.

டிக்.

உலோகம் பந்தில் பட்ட சத்தம். குண்டூசி டப்பாவின் மூடியை நகத்தால் தட்டினால் வருமே, அவ்வளவுதான். மேஜையின் மறுகோடியில் நின்ற நடுவருக்குக் கேட்கவில்லை. நேரலைக் கேமராவை அவன் தோளே மறைத்தது. ஆனால் கடைக்காரிக்குக் கேட்டது. அப்பாவின் வெள்ளிப் பொத்தான் பழுப்புப் பந்தைத் தொட்டுவிட்டது. உடுப்புப் பட்டாலும் ஃபவுல்தான், நான்கு புள்ளி.

அரை மூச்சு நேரம் மினுக்கு அசையாமல் நின்றான். அவன் கண் நடுவரிடம் போகவில்லை. நேராகக் குச்சியிடம் வந்தது.

சொல்லுடா, என்றது கடைக்காரியின் மனசு. அப்பா பேரைக் காப்பாத்துடா. அடுத்த நொடியே அதே மனசு, சொல்லாதே, சொல்லாதே, என்று கொதித்தது. இப்படி ஒரு சரக்கு தானாக வந்து மடியில் விழுமா!

அவன் சொல்லவில்லை. குறி பார்த்தான், அடித்தான், சிவப்பு விழுந்தது. பின்னாலேயே கறுப்பும். ஐம்பது.

எழுந்திரு, எழுந்திருடி. பொய்கூடச் சொல்ல வேண்டாம், நிஜமே கிடைத்துவிட்டது. கடைக்காரி காலால் மகளின் நாற்காலிக் காலைத் தட்டினாள். குச்சி ஒரு தடவை திரும்பி அம்மாவைப் பார்த்தாள். பிறகு தண்ணீர் குடித்தாள்.

கடைக்காரி தட்டின காலை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

அடுத்த சிவப்பை மினுக்கு தவறவிட்டான். கை லேசாகப் பிசகியதைப் பார்த்தவர்களுக்குக் காரணம் தெரியாது. குச்சி எழுந்தாள். சிவப்பு, கறுப்பு. சிவப்பு, பிங்க். முப்பத்திரண்டு. பந்துகள் சொன்னபடி கேட்டன. மேஜையில் ஒரே ஒரு சிவப்பு, பாக்கி எல்லாம் அதனதன் இடத்தில். பின்வரிசை ஆணிகள்கூட முன்னால் சாய்ந்தன. அப்படியே துடைத்து எடுத்துவிடுவாள் போலிருந்தது.

குச்சி குனிந்தாள். க்யூவை முன்னும் பின்னும் இரண்டு தடவை இழுத்தாள். நிறுத்தினாள். நிமிர்ந்தாள்.

"பட்டுடுச்சு," என்றாள் நடுவரிடம்.

நடுவர் புரியாமல் பார்த்தார். "என்ன பட்டுது?"

"நுனி வெள்ளையில பட்டுடுச்சு. ஃபவுல்."

"நான் பாக்கலையேம்மா."

"நீங்க பாக்கலைன்னாதானே சார் நான் சொல்லணும்?"

பிறகு கைதட்டல். முதலில் மூலையில் நாலு பேர், அப்புறம் வரிசை வரிசையாக எழுந்து நின்று. குச்சி கைதட்டினவர்களைப் பார்க்கவே இல்லை. மாமாவைப் பார்த்து, கல்லாவில் சில்லறையை வைத்துத் தள்ளுவது போல் விரலால் மேஜையைக் காட்டினாள். உங்க ஆட்டம்.

"நாலு புள்ளி," என்று நடுவர் அறிவித்தார். மினுக்கு ஐம்பத்து நான்கு.

கடைக்காரிக்குக் காது அடைத்தது. அந்த அடைப்பையும் துளைத்துக்கொண்டு பின்வரிசைக் குரல் வந்தது.

"பாத்தியா, பொண்ணு சொல்லிட்டா. அப்பன்தான் சொல்லலை."

கைதட்டல் மொத்தமும் அந்த ஒரு வாக்கியத்தில் கசந்துபோனது. மகளின் பெயர் வெளுக்க வெளுக்க, கணவரின் பெயர் அதன் பக்கத்தில் இன்னும் கறுப்பாகத் தெரிந்தது.

மினுக்கு வந்தான். எதிரில் சுலபமான சிவப்பு. தவறவிட்டான். குச்சி திரும்பி வந்து சிவப்பை முடித்து, நீலத்தை எடுத்து, பிறகு மஞ்சள், பச்சை, பழுப்பு, நீலம், பிங்க் என்று வரிசையாக இறக்கினாள். மகள் ஐம்பத்தெட்டு, மாமன் ஐம்பத்து நான்கு. மேஜையில் கறுப்பு மட்டும். அது ஏழு.

கடைக்காரிக்குக் கணக்கு கேட்காமலே வந்தது. அந்த நான்கைத் தூக்கிக் கொடுக்காமல் இருந்திருந்தால் இவள் எட்டு முன்னால் இருந்திருப்பாள். ஏழுதான் பாக்கி. ஆட்டம் இப்போதே முடிந்து, மினுக்கு மூட்டை கட்டியிருப்பான்.

கறுப்பு தூரத்தில், மேஜை விளிம்புக் குஷனை ஒட்டிக் கிடந்தது. குச்சி அடித்தாள். அது பாக்கெட்டின் வாய் வரை போய், இரண்டு பக்கமும் முட்டி, உள்ளே விழ மனசில்லாமல் அங்கேயே நின்றது. இனி ஊதினாலே விழும்.

மினுக்கு எழுந்து வர நேரமாயிற்று. வந்தவன் குனியவில்லை. வாசலில் நிற்கும் கறுப்பைப் பார்த்தான். எதிர்வரிசையில் அக்காவைப் பார்த்தான். இப்போதுகூட ஒரு வார்த்தை சொல்லலாம். சட்டப்படி காலம் கடந்துவிட்டது. ஆனால் வாய்க்கு யார் பூட்டுப் போட்டது?

குனிந்தான். தட்டினான். அறுபத்தொன்றுக்கு ஐம்பத்தெட்டு.

ஜெயித்தவனுக்குக் கைதட்ட ஹால் மறந்துவிட்டது. கைகுலுக்க வந்த குச்சி மாமாவின் காதருகே குனிந்தாள். முதல் வரிசைக்கு மட்டும் கேட்டது.

"நாலு போதுமா மாமா, இன்னும் வேணுமா?"

அவன் முகத்தில் இருந்த மினுக்கெல்லாம் எங்கே போனதோ.

ஆட்டக்காரர் அறைக் கதவைச் சாத்தியதும் கடைக்காரி வெடித்தாள்.

"கையில வந்த லட்சுமியை எட்டி உதைச்சிட்டியேடி! டிக்குன்னு சத்தம் கேட்டுதா இல்லையா உனக்கு?"

"கேட்டுது."

"பின்ன எழுந்து சொல்றதுக்கு என்ன? உன் வாயில என்ன கொழுக்கட்டையா?"

"நான் எழுந்தா என்னம்மா ஆகும்? மாமா 'படலை'ன்னு சொல்லுவார். அவர் சொல்லுதான் செல்லும். அப்பனுக்கு வக்காலத்து வாங்க வந்தவ, பழி போடறான்னு பேசுவாங்க. மாமா சிரிச்சுட்டே 'போகட்டும், என் அக்கா பொண்ணுதானே'ன்னு சொல்லிட்டுப் போயிடுவார். கேட்ட வசனம்தானே?"

கடைக்காரி கதவு சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

"சரி. உனக்கு நெஜமாவே பட்டுதா?"

குச்சி க்யூவைக் கழற்றிப் பெட்டியில் வைத்தாள். மூடியைச் சாத்தினாள். "நடுவர் பாக்கலையே," என்றாள்.

"அடிப்பாவி!"

"கறுப்பை மட்டும் வேணும்னு விடலைம்மா." இப்போதுதான் அவள் குரல் உடைந்தது. "நாலைக் கொசுறாக் கொடுத்துட்டு, அதுக்கு மேலயும் ஜெயிச்சுக் காட்டணும்னுதான் இருந்தேன். அடி ஒரு நூல் தப்பிடுச்சு."

கைப்பைக்குள் போன் அடித்தது. கணவர். கடையில் உட்கார்ந்து நேரலையில் பார்த்திருக்கிறார். எடுத்ததும் அவர் சொன்னது இதுதான்:

"வாடிக்கையாளர் துணியைக் கோணலா வெட்டிட்டேன்."

அவருக்கா? கோணலா? கடைக்காரி போனை மறுகாதுக்கு மாற்றினாள். "பரவாயில்லை, வேற துணி கொடுக்கலாம். பாத்தீங்களா?"

"பாத்தேன். அவ நுனியை எப்பவும் ஒரு நகக்கண் தள்ளித்தான் நிறுத்துவா. நான் பழக்கினது. படவே இல்லை." அந்தப் பக்கம் கத்தரியை எதன்மீதோ வைக்கும் சத்தம். "நான் படலைன்னு சொன்னேன், நெஜம். ஒருத்தனும் நம்பலை. அவ பட்டுதுன்னு சொல்றா, பொய். ஊரே எழுந்து நின்னு நம்புது."

பதினோரு வருஷத்தில் அவர் அதைப் பற்றிப் பேசிய முதல் பேச்சு. கடைக்காரி வாயைப் பொத்திக்கொண்டாள்.

அறைக்கு வெளியே நடை. சுவர் நெடுக முந்தைய வருஷங்களின் படங்கள். பாதிப் படங்களில் மினுக்கு. அந்தப் படங்களுக்கு நடுவில் அசல் மினுக்கு நின்றிருந்தான். சட்டையின் இரண்டு கையும் தொங்கின. வெள்ளிப் பொத்தான்களைக் கழற்றி உள்ளங்கையில் வைத்திருந்தான்.

"அக்கா. நீ கேட்டியா?"

"நானும் அப்பாவும் கேட்டோம்," என்றாள் அவள், பொத்தானைப் பார்த்து.

"அந்தப் பொண்ணு பொய் சொல்லிச்சு. அது நுனி படலை. நான் எதிர்லதான் உக்காந்திருந்தேன்."

"அப்படியா? அப்ப போய்ச் சொல்லேன். பட்டுச்சா படலையான்னு தீர்ப்புச் சொல்றது உனக்குப் பழகின தொழில்தானே."

அவன் தலை குனிந்தான். "ஏன்க்கா குத்தற? பதினோரு வருஷம் முன்னாடி… மச்சான் க்யூ படலை. எனக்கு அன்னிக்கே தெரியும். தோத்துடுவேனோன்னு வாய் முந்திக்கிச்சு. அப்புறம் எப்படித் திரும்ப எடுக்கறதுன்னு தெரியலை."

சொல்லிவிட்டான். இத்தனை வருஷம் ராத்திரிகளில் அவள் ஒத்திகை பார்த்த நிமிஷம். இந்த இடத்தில் அவள் அழ வேண்டும், அவனை அறைய வேண்டும். இரண்டும் வரவில்லை. வந்ததெல்லாம், வாங்க வந்தவன் அவசரத்தில் இருக்கிறான் என்று கண்டுகொண்ட வியாபாரியின் நிதானம்.

"சரி. அதுக்கு?"

"இன்னிக்கே வீட்டுக்கு வரேன். மச்சான்கிட்ட மன்னிப்பு கேட்டுடறேன். இதை நீயே வச்சுக்கோ." பொத்தான்களை நீட்டினான்.

அவள் கையை நீட்டவில்லை.

"வீட்டுக்கு வராதே. வீட்ல யாரும் அவரைப் பொய்யன்னு சொல்லலை. எங்க தொலைச்சியோ அங்க தேடு."

"அக்கா…"

"நாளைக்கு அரையிறுதி. ஆட்டத்துக்கு முன்னாடி நாலு ஆட்டக்காரனும் மைக்ல ரெண்டு வார்த்தை பேசணுமில்ல? வருஷா வருஷம் நீ பேசறதுதானே. நாளைக்கு அதுல சொல்லு. மச்சான் தொடலை, நான் தொட்டேன்னு."

மினுக்கு நடையின் இரண்டு பக்கமும் பார்த்தான். "மைக்லயா? எல்லார் முன்னாடியுமா? அதோட என் பேரு…"

"உன் பேருக்கு என்ன விலைன்னு கேக்கறியா? நாலு புள்ளி. நானா வச்சேன்? அன்னிக்கு நீ வச்ச விலைதான்."

சொல்லும்போதுதான் அவளுக்கே உறைத்தது. தோற்றுப்போயிருந்தால் இவன் இந்நேரம் பெட்டியோடு கிளம்பியிருப்பான், மைக் அவனுக்குக் கிடைத்திருக்காது. ஜெயித்ததால்தான் நாளைக்கு அங்கே நின்றாக வேண்டும். மகள் தெரிந்து கொடுத்தாளோ தெரியாமல் கொடுத்தாளோ, கொடுத்த கொசுறு வாங்கினவன் கழுத்தில் சுருக்காக விழுந்திருக்கிறது.

"சொல்லலைன்னா?" என்று கேட்டான், குரல் எழும்பாமல்.

"சொல்லாதே. யார் கட்டாயப்படுத்தறா? என் பொண்ணு கொடுத்த நாலு புள்ளியில உக்காந்து அரையிறுதி ஆடு, இறுதியும் ஆடு, கோப்பையும் வாங்கு. நான் முதல் வரிசையில உக்காந்திருப்பேன். பின்னாடி ரெண்டு பெருசுங்க இருக்குதே, அதுங்களுக்குப் பக்கத்துல என் புருஷனும் உக்காந்திருப்பார்."

அது அவளுக்கே புதுச் செய்தி. கணவரிடம் இன்னும் கேட்கவில்லை. கேட்டால் வருவாரா?

மினுக்கு பொத்தான்களை மூடிய கைக்குள் வைத்துக்கொண்டு நின்றான். அவள் மகளின் தோளில் கை போட்டு, அவனைத் தாண்டி நடந்தாள்.

வெளியே போகும் வழி ஹால் வழியாகத்தான். மேஜைமேல் உறை விரித்துவிட்டார்கள். விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. புள்ளிப் பலகையை மட்டும் இன்னும் யாரும் துடைக்கவில்லை. கடைக்காரி அதன் எதிரில் நின்றாள்.

"வாம்மா, போலாம்," என்றாள் குச்சி.

"இரு. கடையைச் சாத்தறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாத்துக்கறேன்."

அவன் அறுபத்தொன்று. இவள் ஐம்பத்தெட்டு. மகள் தொடாமல் கொடுத்தது நான்கு. தம்பி தொட்டு மறைத்தது நான்கு. கணவர் தொடாமல் இழந்தது பதினோரு அழைப்பு அட்டை. மன்னிப்பு என்று ஒன்று வந்தது, நடையில், யாரும் கேட்காத இடத்தில். அதை அவள் வரவில் வைக்கவில்லை.

வரவு இன்று வரை பூஜ்யம். பாக்கி முழுசும் நிற்கிறது, நாளைக் காலை மைக் வரைக்கும்.